நாலு கட்டமும் ஒரு லேத்தும்

மாப்பிள்ளை சார் என் மேஜை மேல் ஒரு முழுத்தாளை வைத்தார். ஸ்கேல் எல்லாம் கிடையாது. வெறும் கையால் மேலிருந்து கீழே ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு. தாள் நாலு கட்டமானது.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். விழுப்புரம் ஜங்ஷனில் ஏதோ ஒரு இஞ்சின் முன்னும் பின்னும் போய் வந்துகொண்டிருந்தது. ஜன்னல் கட்டையில் வழக்கம்போலக் கரித்தூள்.

"ஞானம்மா, இதை ஸ்டென்சில் வெட்டி நாற்பது காப்பி போட்டுடுங்க. முதல் கட்டத்துல 'நம் பலம்'னு போடுங்க. பக்கத்துல 'நம் குறை'. கீழே 'வெளியே உள்ள வாய்ப்பு', அதுக்குப் பக்கத்துல 'வெளியே உள்ள ஆபத்து'. ரெண்டு ஷெட்டும் எழுதித் தரணும். அதை வெச்சுத்தான் அடுத்த மூணு வருஷத்துக்குத் திட்டம்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் ஸ்கேலை எடுத்து அளந்து பார்த்தேன். குறைக் கட்டம் பலம் கட்டத்தைவிட அரை அங்குலம் அகலம்!

குறை எழுத மட்டும் எதற்கு இத்தனை இடம்? யாருக்கோ குழி வெட்டுகிறார்கள் என்று அந்த நிமிஷமே முடிவு கட்டினேன்.

நான் அப்படித்தான். கத்தரிக்காய்க்காரி ஒரு காய் கொசுறு போட்டால், புழு இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கூடையில் போடுவேன். இத்தனை வாரம் இந்தத் தொடரைப் படித்தவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

காப்பியில் பிறந்த திட்டங்கள்

கம்பெனி பெயர் வேண்டாம். முதலாளியின் பேரன் பேத்திகள் நன்றாக இருக்கிறார்கள், இருக்கட்டும். பஸ் கம்பெனி. தலைமை ஆபீசும் பெரிய ஷெட்டும் விழுப்புரத்தில். சின்ன ஷெட் திண்டிவனத்தில். நான் ஆபீசில் டைப்பிஸ்ட். என் வீட்டுக்காரர் லூர்துசாமி திண்டிவனம் ஷெட்டில் தலைமை ஃபிட்டர். குடியிருப்பு திண்டிவனத்தில். அதனால் நான் தினமும் பாசஞ்சர் ரயிலில் போய் வருவேன்.

அதுவரை கம்பெனிக்குத் திட்டம் என்று தனியாக ஒன்று இருந்ததில்லை. பெரிய முதலாளி காலையில் காப்பி குடிக்கும்போது என்ன தோன்றுகிறதோ அதுதான் திட்டம். காப்பி நன்றாக இருந்தால் புது ரூட். சரியில்லை என்றால் யாருக்காவது இடமாற்றம்.

அவருடைய மகளைக் கட்டியவர்தான் மாப்பிள்ளை சார். மெட்ராசில் நிர்வாகம் பற்றி ஏதோ வகுப்புக்குப் போய்விட்டு, கக்கத்தில் ஒரு ஃபைலோடு வந்து இறங்கினார். மரியாதையான மனிதர். டைப்பிஸ்டைக்கூட 'ங்க' போட்டுக் கூப்பிடுவார். அதுவே எனக்குச் சந்தேகம்.

போதாக்குறைக்கு, அவர் மேஜையில் இருந்த பேடில் ஒரு படத்தை நான் பார்த்துவிட்டேன். விழுப்புரம் ஷெட்டின் படம். அதன் பக்கவாட்டில் பென்சிலால் புதிதாக ஒரு கூரை போட்டிருந்தது. இருக்கிற பஸ்ஸுக்கு இருக்கிற கூரை போதும். புதுக் கூரைக்குக் கீழே நிற்கப் போவது எந்த ஊர் பஸ்?

திண்டிவனம் ஷெட்டை மூடப் போகிறார்கள். மூடினால் எங்களுக்குப் பிழைப்பு இல்லை. ஏனென்றால் விழுப்புரம் ஷெட்டில் சர்டிபிகேட் இல்லாத ஃபிட்டரை வைத்துக்கொள்ள மாட்டார்கள். என் வீட்டுக்காரர் பதினாலு வயதில் லாரிக்கு அடியில் படுத்து வேலை கற்றவர். அவர் கைக்குப் பஸ் கட்டுப்படும். ஆனால் காட்ட ஒரு காகிதம் கிடையாது.

ஆபீசர் மூலை

இந்த இடத்தில் என் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும்.

முகையூர்ப் பக்கம் ஒருவர் நிலத்தில் அப்பா கூலி வேலை பார்த்தார். மழை பொய்த்த வருஷங்களில் தீர்வையைத் தள்ளுபடி செய்யலாமா என்று பார்க்க ஆபீசர் வருவார். அவரை வரப்பில் கூட்டிக்கொண்டு போகிற வேலை அப்பாவுக்கு. நிலத்தின் கிழக்கு மூலையில் கொஞ்சம் உவர். எந்த வருஷமும் அங்கே கேப்பை முழங்காலுக்கு மேல் வளராது. அப்பா ஆபீசரை நேரே அங்கே கொண்டுபோய் நிறுத்துவார்.

"எல்லாமே இப்படித்தாங்க இருக்குது. போய்ப் பாக்கணும்னா பாருங்க, முள்ளு ஜாஸ்தி."

ஆபீசர் முள்ளைப் பார்ப்பார், தன் செருப்பைப் பார்ப்பார், எழுதிக்கொண்டு போய்விடுவார். அந்த மூலைக்கு எங்கள் வீட்டில் 'ஆபீசர் மூலை' என்றே பேர். மேலே இருந்து யார் வந்து 'எப்படி இருக்கிறாய்' என்று கேட்டாலும் இருக்கிறதிலேயே மோசமானதைக் காட்டு. நல்லதைக் காட்டினால் அதற்கு ஒரு விலை வைத்துவிடுவான். இந்த நினைப்போடுதான் நாங்கள் எல்லோரும் வளர்ந்தோம். திண்டிவனம் ஷெட்டில் இருந்த பத்தொன்பது பேரும் அப்படி வளர்ந்தவர்கள்தான், ஒருவரைத் தவிர. அந்த ஒருவரை நான் கட்டிக்கொண்டேன்.

லேத்து

திண்டிவனம் ஷெட்டில் ஒரு லேத்து இருந்தது. இரும்பைச் சுழல விட்டுக் கடைகிற இயந்திரம். கம்பெனி எங்கேயோ நொடிந்த பழைய பஸ் கம்பெனி ஒன்றை வாங்கியபோது, இரும்புக் குப்பையோடு குப்பையாக வந்து இறங்கியது. ஆபீஸ் பட்டியலில் 'பழைய இரும்பு, ஒரு குவியல்' என்றுதான் இருக்கும். அதை நானே டைப் அடித்திருக்கிறேன்.

ஷெட்டில் கன்னியப்பன் அண்ணன் என்று ஒருவர். ஐம்பது தாண்டியவர். ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல் இரண்டு வருஷம் அந்தக் குவியலோடு மல்லுக்கட்டி, அதை ஓட வைத்துவிட்டார். புஷ், பின் என்று எந்த உதிரி பாகம் தேய்ந்தாலும் அவரே கடைந்து போடுவார். விழுப்புரத்தில் ஸ்பேர் வரவில்லை என்று பஸ் வாரக்கணக்கில் நிற்கும். திண்டிவனத்தில் மறுநாள் காலை ஓடும். எப்படி ஓடுகிறது என்று விழுப்புரத்தில் யாரும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் உண்டு. அதற்கு முன்பு இஞ்சினைத் தூக்க ஒரு செயின் பிளாக் வாங்கித் தொங்க விட்டிருந்தார்கள். பார்க்க வந்த பெரிய முதலாளியிடம் யாரோ ஒருவர், "இது வந்ததுல இருந்து வேலை ஜல்தியா முடியுதுங்க" என்று பெருமையாகச் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் லாரி வந்தது. செயின் பிளாக் விழுப்புரம் போய்விட்டது. அப்புறம் இங்கே இஞ்சினைப் பழையபடி ஆளும் மூங்கிலுமாகத்தான் தூக்கினார்கள்.

ஆகவே நாலு கட்டத் தாள் வந்ததும் ஷெட்டில் ஒரே பேச்சு. லேத்தைப் பற்றி மூச்சு விடக்கூடாது.

என் வீட்டுக்காரர் கேட்கவில்லை. ஷெட் சார்பில் பெரிய பெரிய எழுத்தில் பென்சிலால் எழுதினார். பலம் கட்டத்தில் முதல் வரியே, 'லேத்து இருக்கிறது. கன்னியப்பன் அண்ணன் இருக்கிறார். ஸ்பேருக்கு மெட்ராசை எதிர்பார்க்க வேண்டாம்.'

"இன்னாங்க, ஊரே வேணாங்குது, நீங்க மட்டும் எழுதறீங்களே" என்றேன்.

"கேட்டாங்க, சொல்றோம். கேக்கறவங்ககிட்ட மறைச்சுட்டு, அப்புறம் எந்த மூஞ்சியை வெச்சிக்கினு நியாயம் கேக்கறது?"

"அந்தக் குறைக் கட்டம் அரை அங்குலம் பெரிசுங்க. நான் அளந்தேன்."

"அவருக்குக் கோடு போடத் தெரியல. விடு."

நான் விட்ட வரி

மறுநாள் காலை திண்டிவனம் ஸ்டேஷனில் கன்னியப்பன் அண்ணன் எனக்காக நின்றுகொண்டிருந்தார். வேலைக்குப் போகிற சட்டை. கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது.

"யம்மா ஞானம்மா, உன் ஊட்டுக்காரரு எழுதி வெச்சிட்டாரு. லாரி வந்து தூக்கிக்கினு பூடும். அது கூட நானும் போவ முடியுமா? எனக்கு எவன் சர்டிபிகேட்டு குடுத்தான்? பஸ்ஸைத் தொடச்சிக்கினு கெடக்கச் சொல்லுவாங்க, இல்லாட்டி ஊட்டுக்குப் போன்னுவாங்க."

"நான் இன்னாண்ணா பண்ண முடியும்?"

"டைப் அடிக்கிறது நீதானே."

ரயில் வந்துவிட்டது. விக்கிரவாண்டி தாண்டும்வரை யோசித்துக்கொண்டே போனேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மை அதுவல்ல. ஏறி உட்கார்ந்தபோதே முடிவு செய்துவிட்டேன். லேத்து போனால் ஷெட் போகும். ஷெட் போனால் அவர் வேலை போகும். ஆபீசருக்குக் கிழக்கு மூலையைக் காட்டு, அவ்வளவுதான்.

ஷெட்டுகள் எழுதியதைச் சுத்தமாக டைப் அடித்து வைக்க வேண்டியது என் வேலை. விழுப்புரம் ஷெட்காரர்கள் பலம் கட்டத்தை நிரப்பி, விளிம்பிலும் எழுதியிருந்தார்கள். செயின் பிளாக்கையும் சேர்த்திருந்தார்கள், வெட்கம் கெட்டவர்கள்! திண்டிவனம் தாளில் முதல் வரியைத் தாண்டி இரண்டாவது வரியில் இருந்து அடித்தேன். பென்சில் தாளை நாலாய் மடித்து என் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். மனசு உறுத்தவில்லை. அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்கூட.

கிணற்றில் தண்ணீர் இருக்கிறது

பத்து நாள் கழித்துப் பெரிய முதலாளி அறையில் கூட்டம். மாப்பிள்ளை சார், விழுப்புரம் ஷெட் ஃபோர்மேன், குறிப்பெடுக்க நான். திண்டிவனத்தில் இருந்து யாரையும் கூப்பிடவில்லை. அதையும் கவனித்தேன்.

மாப்பிள்ளை சார் இரண்டு தாளையும் பக்கம் பக்கமாக வைத்தார். எழுதி வந்ததை அவர் சும்மா படிக்கவில்லை. கட்டத்துக்குக் கட்டம் கோடு போட்டு முடிச்சுப் போட்டார்.

"மாமா, வெளியே உள்ள வாய்ப்பைப் பாருங்க. எல்லாமே திண்டிவனம் பக்கம்தான். அனந்தபுரம் சந்தைக்கு பஸ் விட்டா மல்லாட்டை மூட்டையோட ஜனம் ஏறும். பங்குனி உத்திரத்துக்கு மயிலம் போற கூட்டம் இருக்கு. ஆனா அதைப் பிடிக்க அங்க பலம் இருக்கான்னு பாக்கணும். பஸ் நடுவழியில நின்னா மறுநாளே ஓட்டணும். பலம்னு அவங்க எழுதினது ரெண்டே வரி. ஒண்ணு, 'எல்லோரும் ஒற்றுமையாக இருக்கிறோம்.' ரெண்டு, 'கிணற்றில் தண்ணீர் இருக்கிறது.'"

பெரிய முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். ஃபோர்மேனும் சிரித்தார்.

"அதனால ரிப்பேர் எல்லாத்தையும் இங்க கொண்டு வந்துடலாம். அந்த ஷெட்டை மூடிட்டு, சர்டிபிகேட் இருக்கறவங்களை மட்டும் இங்க எடுத்துக்கலாம். தேதி போட்டுக் கடிதம் தயார் பண்ணுங்க ஞானம்மா."

என் பேனா நின்றுவிட்டது. லேத்து இருக்கிறது என்று தெரிந்தால் ஷெட்டை மூடுவார்கள் என்று நான் பயந்தேன். இந்த மனிதரோ லேத்து இல்லை என்பதற்காக மூடுகிறார்! நான் விட்ட ஒரு வரியால் என் வீட்டுக்காரரை நானே வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

"சார்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "சார், அங்க லேத்து இருக்கு. ஓடுற லேத்து."

"தாள்ல இல்லையே?"

"விட்டுப்போயிருக்கும் சார்."

"விட்டுப்போற சாமானாம்மா லேத்து?" அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துவிட்டார். "வாங்க. நீங்கதானே சொன்னீங்க, நீங்களே வந்து காட்டுங்க."

கூட்டேரிப்பட்டில் ஒரு டீ

ஜீப்பில் முன்னால் அவர். பின்னால் நானும், துணைக்கு ஆபீஸ் கூட்டுகிற அம்மாவும். கூட்டேரிப்பட்டில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் விட நிறுத்தினார்கள். மாப்பிள்ளை சார் எல்லோருக்கும் டீ சொன்னார்.

அப்போது எங்கள் பஸ் ஒன்று திண்டிவனம் பக்கம் போக வந்து நின்றது. கண்டக்டர் முதலில் ஜீப்பைப் பார்த்தான், அப்புறம் சாரைப் பார்த்தான், அப்புறம் பின்னால் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தான். ஏற வேண்டியவர்கள் ஏறினார்களா என்றுகூடப் பார்க்காமல் விசில் அடித்தான். பஸ் பறந்தது.

நல்லதுதான், முன்னாலேயே சேதி போய்விடும், லேத்தைத் துடைத்து வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். உலகத்தில் எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட நான், அன்றைக்கு அந்த ஒன்றைச் சந்தேகப்படவில்லை.

ஷெட்டுக்குள் நுழைந்தபோது லேத்து இருந்த மூலையில் லேத்து இல்லை. தரையில் இருந்து என் தலைக்கு மேல்வரை கோணி மூட்டைகள் அடுக்கியிருந்தன. பக்கத்து மில்லில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைப்பார்கள். அந்தத் தோலை அடைத்த மூட்டைகள். பதினெட்டு பேர் சட்டையிலும் தலையிலும் தோல் தூள்.

"என்ன மூட்டை இது?" என்றார் மாப்பிள்ளை சார்.

"மல்லாட்டைத் தோலுங்க" என்றார் கன்னியப்பன் அண்ணன். "எரிக்கிறதுக்கு."

"பஸ் ஷெட்ல எதை எரிக்கப் போறீங்க?"

"டீ போடுவோமுங்க."

"இத்தனை மூட்டையிலயா?"

"நெறைய பேரு இருக்கோமுங்க."

"சரி. லேத்து எங்கே?"

"லேத்தா? இங்க ஏதுங்க லேத்து. நாங்க கஷ்டப்பட்டுக்கினு இருக்கோம்."

இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று எனக்கு அழுகைதான் வந்தது. என் அப்பாவின் கிழக்கு மூலையை அவர்கள் மூட்டை போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள்.

மாப்பிள்ளை சார் என் பக்கம் திரும்பினார். "ஞானம்மா?"

"அண்ணா, மூட்டையை எடுங்க" என்றேன். "மூடறதுக்கு எழுதப் போறாங்கண்ணா. இருக்குதுன்னு காட்டுங்க." யாரும் அசையவில்லை. காட்டிக்கொடுத்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

பஸ்ஸுக்கு அடியில் இருந்து என் வீட்டுக்காரர் வெளியே வந்தார். மூட்டை அடுக்குவதில் அவர் கலந்துகொள்ளவில்லை போலிருக்கிறது, அவர் மேல் கிரீஸ் மட்டும்தான் இருந்தது. வேஸ்ட் பஞ்சில் கையைத் துடைத்தார்.

"லேத்து இருக்குது சார். நான்தான் எழுதிக் குடுத்தனே. மொத வரியே அதான்."

மாப்பிள்ளை சார் ஃபைலில் இருந்து டைப் அடித்த தாளை எடுத்து நீட்டினார். என் வீட்டுக்காரர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். இன்னொரு தரம் படித்தார். பிறகு தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் பார்வையில் கோபம் இல்லை.

"டைப் அடிக்கும்போது விட்டுப்போச்சு" என்றேன்.

அவர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். நேரே போய் முதல் மூட்டையை இழுத்துப் போட்டார். இரண்டாவது, மூன்றாவது. யாரும் கூடப் போகவில்லை. தூள் பறந்து அவருக்கு இருமல் வந்தது. லேத்தின் தலைப்பக்கம் தெரிந்ததும் கன்னியப்பன் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து மீதி மூட்டைகளைத் தள்ளினார். ஸ்விட்சைப் போட்டார். ஒரு இரும்புத் துண்டை மாட்டி, எல்லோரும் பார்க்க ஒரு புஷ் கடைந்து, மாப்பிள்ளை சார் கையில் வைத்தார்.

"சூடா இருக்குங்க, பாத்து."

சார் அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார். அப்புறம் தாளைப் பஸ் பானெட் மேல் வைத்து, பலம் கட்டத்தில் லேத்தையும் கன்னியப்பன் அண்ணனையும் தன் கையாலேயே எழுதினார். குறைக் கட்டத்திலும் ஒரு வரி சேர்த்தார். 'கேட்டால் சொல்ல மாட்டார்கள்.'

மறுநாள் அந்தத் தாளை ஒரு புள்ளி விடாமல் டைப் அடித்தேன்.

விடாத சந்தேகம்

ஷெட்டை மூடவில்லை. அனந்தபுரம் சந்தை பஸ் திண்டிவனத்தில் இருந்தே ஓடியது. லேத்தையும் யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. ஆனாலும் வெகுநாளைக்கு லாரி சத்தம் கேட்டால் கன்னியப்பன் அண்ணன் ஷெட் வாசலுக்கு வந்து நின்றுவிடுவார். விழுப்புரத்தில் அந்தப் புதுக் கூரை எழும்பத்தான் செய்தது. பஸ் கழுவ என்றார்கள். கழுவுகிற பஸ்ஸுக்குக் கூரை எதற்கு என்று நான் இன்றைக்கும் கேட்கிறேன்.

வீட்டில் அவர் என்னைத் திட்டவில்லை. வழக்கம்போல் சாப்பிட்டார், வழக்கம்போல் பேசினார். ஆனால் அதற்கப்புறம் ஒரு காகிதத்தைக்கூட என்னிடம் டைப் அடிக்கக் கொடுக்கவில்லை. லீவு கேட்டு ஷெட்டுக்கு எழுதுகிற நாலு வரியைக்கூட, போஸ்டாபீஸ் வாசலில் உட்கார்ந்து எழுதிக் கொடுக்கிறவரிடம் போய் எழுதி வாங்கினார். வீட்டில் ஹையர் பாஸ் பண்ணின டைப்பிஸ்டை வைத்துக்கொண்டு! எனக்கு அது ரொம்ப வலித்தது.

சில வருஷம் கழித்து, வெளியூர்ப் பட்டறை ஒன்றில் அவரைக் கூப்பிட்டார்கள். போவதா இருப்பதா என்று அவர் என்னிடம் பேசவில்லை. ஒரு நாள் டிரங்குப் பெட்டியில் அடியில் விரித்திருந்த பேப்பருக்குக் கீழே கையை விட்டேன். தேடுவது என் வழக்கம், மறைக்க என்ன இருக்கிறது. கிழித்த காலண்டர் தாள் ஒன்று இருந்தது. பின்பக்கம் நாலு கட்டம். ஸ்கேல் வைத்து நேராகப் போட்டிருந்தார்.

வாய்ப்பு கட்டத்தில் புது வேலை. ஆபத்து கட்டத்தில் 'தெரியாத ஊர்.' பலம் கட்டத்தில், 'ஞானம் இருக்கிறாள்.' அவ்வளவுதான் எழுதியிருந்தது.

குறைக் கட்டத்தில் ஒரு வரி எழுதி, அதன் மேலேயே பென்சிலால் கறுகறுவென்று அடித்திருந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். திருப்பிப் பார்த்தேன். விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு எழுத்துகூடப் பிடிபடவில்லை. தாளை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். நாங்கள் ஊரை விட்டுப் போகவும் இல்லை, அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

இந்த அத்தியாயத்தை எழுத உட்கார்ந்தபோது, போன வாரம், இனிமேல் தாங்காது என்று கேட்டே விட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க, காலண்டர் தாள்ல குறைன்னு ஒரு வரி எழுதி அடிச்சீங்களே, இன்னா அது?"

நான் அதைப் பார்த்தேன் என்பதில் அவருக்கு ஆச்சரியமே இல்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சிரிக்காமல் சொன்னார்:

"அதுவா? டைப் அடிக்கும்போது விட்டுப்போச்சு."